மணலை வயலாக்கிய டல்காஸ்

ஹேர்னிங் நகரின் டல்காஸ் வீதியால் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். அந்தப் பெயருக்குரியவர் யாரென்று பல வருடங்களாக நான் தேடிப் பார்க்கவில்லை. பிறகு வாசித்தபோதுதான், அவரும் ஓர் அகதிப் பரம்பரையில் வந்தவர் என்று தெரிந்தது.

என்றிக்கோ டல்காஸ் 1828 இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தார். அவரது மூதாதையர் மத அடக்குமுறையால் பிரான்சை விட்டு வெளியேறிய புரட்டஸ்தாந்துகள். பேரனார் டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் அந்தச் சபையின் போதகராக இருந்தவர். தந்தையார் நேப்பிள்ஸில் வணிகராகவும் டென்மார்க்கின் கொன்சலாகவும் இருந்தார். அவர் காலமானபோது என்றிக்கோ சிறுவன். தாயார் பிள்ளைகளுடன் டென்மார்க் திரும்பினார்.

இராணுவப் பொறியியலாளரான டல்காஸுக்கு யூலண்டில் வீதி அமைக்கும் வேலை கிடைத்தது. மேற்கு யூலண்ட் அப்போது காற்றடிக்கும் மணலும் குறும்புதர்களும் நிறைந்த தரிசு. வீதிக்காக மண்ணைத் தோண்டத் தோண்ட, அந்த நிலத்தின் நோயை அவர் கண்டுகொண்டார். மணலுக்குக் கீழே இரும்பும் மக்கிய இலைகுழையும் இறுகிக் கல்லுப்போல ஒரு படை கிடந்தது. மரவேர் அதைத் துளைத்து இறங்க முடியவில்லை.

1864 போரில் டென்மார்க் சிலேஸ்விக், ஹோல்ஸ்ரைன் பகுதிகளை இழந்தது. நாடு சுருங்கிவிட்டது, இருக்கிற நிலத்தையாவது விளையவைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1866 மார்ச் 28 அன்று ஓகூஸ் நகரில் தரிசு நிலச் சங்கமான ஹெதசெல்ஸ்கபெட் உருவானது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான டல்காஸ், சாகும்வரை அதன் வேலையே கதியென்று இருந்தார். இறுகிய படையை உடைத்தார்கள். ஆற்று நீரைக் கால்வாய் வெட்டிப் புல்வெளிகளுக்குப் பாய்ச்சினார்கள். தனியே நட்ட கிறான் மரங்கள் வளராமல் நின்றபோது, பக்கத்தில் மலைப் பைன் மரங்களை நட்டு வளர்த்தெடுத்தார்கள். 1894 இல் அவர் ஓகூஸில் காலமானார். பசித்த குடியானவர்களுக்கு அவர் செய்தது பெரும் உபகாரம். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் நிலத்தை வென்றெடுக்கும் அந்த வேகம் அவரோடு நிற்கவில்லை. அவர் மறைந்து ஏறத்தாழ எழுபது வருடங்களின் பின், 1962 முதல் 1968 வரை, அவரது சங்கத்தின் திட்டப்படி ஸ்கியேர்ன் ஆற்றின் கீழ்ப்பகுதியை நேர் வாய்க்காலாக்கினார்கள். எங்கள் ஆட்கள் கோயிலுக்குப் போகும் பிராண்டே ஊரால் ஓடிவருகிற அதே ஆறுதான். சுமார் 4,000 ஹெக்டேர் ஈரநிலம் வயலானது. நிலத்தடி நீர் இறங்க, மண்ணிலிருந்த இரும்புக் கந்தகத்தில் காற்றுப் பட்டது. செங்காவி நிறத்தில் இரும்புச் சேறு ஆற்றில் படிந்து, மீன் முட்டையிடும் சரளைப் படுக்கையை மூடியது. வயல்களின் உரச்சத்து தடையின்றி றிங்கூபிங் கடலேரிக்குப் போனது. அது 1977 முதல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் பாதுகாக்கப்படும் பறவைகளின் நீர்நிலை. ஆற்றின் சால்மன் இனம் அழிவின் விளிம்புக்கு வந்தது.

டென்மார்க் பிழையை ஒப்புக்கொண்டது. 1998 இல் சட்டம் இயற்றி, 1999 இலிருந்து 2002 வரை 19 கிலோமீட்டர் நேர் வாய்க்காலை 26 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். சுமார் 2,200 ஹெக்டேர் மறுபடி இயற்கைக்குப் போனது. சால்மன் திரும்பி வந்தது.

ஆற்றைத் திருப்பலாம். நிலத்தடி நீரை அப்படி இலகுவாகத் திருப்ப முடியாது. இந்நாட்டில் குழாயில் வருவது அநேகமாக முழுவதும் நிலத்தடி நீர். மேற்கு யூலண்டின் மணல் நிலத்தில் போடும் உரத்தின் நைத்திரேற்று அதற்குள் இறங்குகிறது. ஓகூஸ் பல்கலைக்கழகத்தினர் 27 இலட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்ட ஆய்வு, சட்டம் அனுமதிக்கும் லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மிகக் கீழான அளவிலும் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் கூடுவதாகக் கண்டது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் இதே நைத்திரேற்றுப் பிரச்சினை இருப்பதை நாம் அறிவோம். அங்கே கிணற்றுத் தண்ணீரின் ருசி பார்த்துக் கதைத்தவர்கள், இங்கே குழாயைத் திறந்து பேசாமல் குடிக்கிறோம். உங்கள் ஊர் நீர் வழங்கும் நிலையத்தின் பரிசோதனை முடிவு பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. அதில் நைத்திரேற்று என்ற வரியை ஒருமுறை பாருங்கள். தனிக் கிணறுள்ள வீட்டில் இருப்பவர்கள் கட்டாயம் சோதித்துக்கொள்ளுங்கள். டல்காஸ் விளையவைத்த மண்ணில்தான் எங்கள் பிள்ளைகளும் வளர்கிறார்கள்.