சீனிவாச இராமானுஜன்: கணிதமும் ஆங்கிலக் கலைச்சொல்லும்

முன்னுரை

நுண்கணிதத்தை ஆங்கிலவழிக் கற்கும் தமிழ் மாணவர் இரு மொழிகளைக் கற்க வேண்டியவராகிறார். ஒன்று குறியீடுகளின் மொழி. மற்றொன்று அக்குறியீடுகள் எங்குச் செல்லும், எங்குச் செல்லா என நிபந்தனை கூறும் சொற்களின் மொழி. மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் வரை பரந்துள்ள தொழிற்பகுதியில் பயிற்சி பெற்றுப் பொறியியற் கல்விக்குச் செல்பவர், லிமிட் என்னும் சொல்லைப் பட்டறையிலேயே அறிந்திருப்பார். அங்கு அது கடைந்த உறுப்பின் அளவு மீறலாகாத மேல், கீழ் வரம்புகளைக் குறிக்கும். வகுப்பறையிலோ ஒரு சார்பு நெருங்கிச் செல்லும் மதிப்பைக் குறிக்கும். அம்மதிப்பைச் சார்பு எட்டாமலே போகவும் கூடும். இவ்விடர்ப்பாடு நூறாண்டுக்கு முன்னரே ஒரு பெருங்கணிதரின் வாழ்வில் நேர்ந்துள்ளது.

இளமையும் ஆங்கிலமும்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். மணிமங்கலம் இன்று அடங்கியுள்ள மாவட்டத்தின் தலைநகரான காஞ்சிபுரத்தில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் இளம்பருவத்தின் சில காலத்தைக் கழித்தார். 1897ஆம் ஆண்டுத் தொடக்கநிலைத் தேர்வில் ஆங்கிலம், தமிழ், புவியியல், எண்கணிதம் ஆகிய பாடங்களை எழுதி மாவட்டத்தில் முதன்மை பெற்றார். எனவே, அவருக்கு ஆங்கிலம் வாராது என வழங்கும் கூற்று திருத்தத்திற்குரியது. அவருக்கு வாய்க்காதது ஆங்கிலம் அன்று. கணித நிறுவலை ஆங்கில உரைநடையில் விரித்துரைக்கும் பயிற்சியே.

உரையில்லா நூற்பாக்கள்

பதின்மூன்று வயதளவில் லோனியின் முக்கோணவியல் நூலைக் கற்றுத் தேர்ந்தார். 1903இல் ஜி. எஸ். கார் தொகுத்த கணிதச் சுருக்க நூல் கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் வழி அவர் கைக்கு வந்தது. கார் தேர்வுக்கு மாணவரை ஆயத்தம் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். 5,000 அளவிலான முடிவுகள் அந்நூலில் எண்ணிட்டு அடுக்கப்பட்டுள்ளன. நிறுவல் ஓரிரு குறிப்புகளோடு நின்றுவிடும். வகையீடும் தொகையீடும் இடம்பெற்றுள்ளன. தொகையீட்டுப் பகுதி மிக விரிவானது. கலப்பெண் சார்புகளின் கோட்பாடோ அறவே இல்லை. இளம்பூரணரோ சேனாவரையரோ இன்றித் தொல்காப்பிய நூற்பாக்களை மட்டும் ஓதிய மாணவர் நிலையோடு இதனை ஒப்பிடலாம். நூற்பா நெஞ்சில் நிற்கும். அது பொருந்தும் இடமும் பொருந்தா இடமும் உரையாசிரியர் வழியே விளங்கும்.

இராமானுஜன் தம் குறிப்பேடுகளையும் கார் காட்டிய முறையிலேயே அமைத்தார். தாள் விலை மிகுந்திருந்தமையால் பலகையில் கணித்து, முடிவை மட்டும் ஏட்டில் பொறித்தார். கிளைத்தேற்றம், எடுத்துக்காட்டு, குறிப்பு என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கங்களே அவ்வேடுகளில் மிகுதியும் காணப்படும் சொற்கள்.

1904இல் கல்லூரி உதவித்தொகை பெற்றவர் ஆங்கிலத் தாளில் தவறியதால் அதனை இழந்தார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று 1906, 1907 ஆகிய ஈராண்டும் தேர்வில் தோற்றார்.

கூட்டுத்தொகை என்னும் சொல்

1911இல் பெர்னௌலி எண்கள் குறித்த அவர்தம் முதற்கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. நடை தெளிவற்றிருந்தமையால், இதழாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதனைத் திருத்தத்திற்காகப் பன்முறை திருப்பியனுப்ப நேர்ந்தது. 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அங்குத் தலைமைக் கணக்கரான எஸ். நாராயண ஐயர், இரு வரிகளுக்கிடையே விடுபட்ட படிகளை எழுதுமாறு அவரை வற்புறுத்திவந்தார். உரையாசிரியர் பணி என இதனைக் கொள்வது மிகையாகாது.

அவ்வாண்டு இலண்டன் பேராசிரியர் ஹில், இராமானுஜன் விரிதொடர்களின் குழியில் வீழ்ந்துள்ளார் எனக் கருதி, பிராம்விச்சின் முடிவிலித் தொடர் நூலைப் பயிலுமாறு அறிவுறுத்தினார். முடிவுள்ள மதிப்பை நெருங்காது விலகிச்செல்லும் தொடரே விரிதொடர். 1, 2, 3 என இயல் எண்களை முடிவின்றிக் கூட்டினால் −1/12 வரும் என்பது இராமானுஜன் கூற்று. கூட்டுத்தொகை என்னும் சொல்லை வழக்கப்பொருளில் கொள்வார்க்கு இது பிழையே. ஆனால் அவர் கருதியது வேறு. தொகையீட்டையும் வகைக்கெழுக்களையும் கொண்டு தொடரை மதிப்பிடும் ஆய்லர்–மெக்லாரின் வாய்பாட்டில் எஞ்சி நிற்கும் ஒரு மதிப்பையே அவர் கருதினார். குறிப்பேட்டில் அதற்குத் தொடரின் மாறிலி என்னும் பெயரும் தந்திருந்தார். அப்பெயரும் அதன் வரையறையும் முன்வைக்கப்பட்டிருப்பின் ஐயத்திற்கு இடம் குறைந்திருக்கும். 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் ஆங்கிலம் முழுதும் அவருடையதன்று, நண்பர் துணையோடு அமைந்தது என ஹார்டியே பின்னாளில் கருதினார். கணிதம் அவருடையதே என்பதில் அவருக்கு ஐயமில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வுதவி வழங்கியபின் இராமானுஜன் அளித்த மூன்று காலாண்டறிக்கைகள் தனிக்கவனத்திற்குரியவை. வரையறுத்த தொகையீடுகளைக் கணிக்கும் தம் முதன்மைத் தேற்றத்தை அவற்றில் விளக்கினார். முடிவு வலிமையானது, அது செல்லுபடியாகும் நிபந்தனைகள் இல்லை. அவற்றைப் பின்னர் வகுத்தளித்தவர் ஹார்டி.

பெயரும் வரையறையும்

1914 ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்தார். தம்மினும் சிறிய எவ்வெண்ணையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களுக்கு 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் ஆங்கிலத்தில் இட்ட பெயர் இன்றும் நிலைத்துள்ளது. பிறர் சொல்லைக் கடன்பெற்றவர் சொல் வழங்குபவரானார் என்பது கலைச்சொல் வரலாற்றில் குறிக்கத்தக்கது. 1918இல் அரசக் கழக உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளராகவும் தெரிவு செய்யப்பெற்றார்.

நோயுற்று 1919இல் தாயகம் திரும்பினார். 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் போலித் தீட்டா சார்புகள் என்னும் பொருள்படப் புதுப்பெயரொன்றைச் சூட்டி, 17 எடுத்துக்காட்டுகளையும் தந்தார். கண்டிப்பான வரையறை அதில் இல்லை. ஏப்ரல் 26 அன்று சென்னையில் மறைந்தார், அகவை 32. அப்பெயர் சுட்டும் பொருளின் அமைப்பை நெதர்லாந்தின் சாண்டர் ஸ்வெகர்ஸ் 2002இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கிக் காட்டினார்.