ஐந்து வாரத்தில் போட்ட கோடு

ஒரு சின்ன ரோடு போடணும்னாலும் நம்ம சிவில் பசங்க முதல்ல சர்வே எடுப்பாங்க. ஆனா நம்ம நாட்டோட எல்லையைப் போட்டவருக்கு நிலத்தைச் சுத்திப் பார்க்கவே நேரம் இல்லை. அவர்தான் சிரில் ராட்கிளிஃப்.

1899-ல் வேல்ஸில் பிறந்தவர். லண்டனில் பெயர்பெற்ற வக்கீல். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் தகவல் அமைச்சகத்தை நடத்தினார். இந்தியாவுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. அதனால யார் பக்கமும் சாயமாட்டார்னு அதையே தகுதியா எடுத்துக்கிட்டாங்க.

1947 ஜூலை 8 அன்று டெல்லி வந்தார். பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க ஐந்தே வாரம். கூட இருந்த காங்கிரஸ், லீக் தரப்பு நீதிபதிகள் ஒத்துப்போகல. முடிவு எல்லாம் இவர் தலையில். மேப்பையும் 1941 சென்சஸையும் வைத்துக் கோடு போட்டார். அது வெளியானது ஆகஸ்ட் 17, சுதந்திரத்துக்கு ரெண்டு நாள் கழிச்சு!

கலவரத்தில் லட்சக்கணக்கானோர் செத்தாங்க, 1 கோடிக்கும் மேல் இடம்பெயர்ந்தாங்க. இது நமக்குத் தெரியும். அந்தக் கோடு ரெண்டு நாட்டுப் பாதுகாப்பையும் என்ன பண்ணுச்சுன்னு யோசிச்சிருக்கோமா?

பாகிஸ்தானுக்குப் போன சில கால்வாய்களின் தலைமதகு இந்தியப் பக்கம் வந்தது. 1948 ஏப்ரல் 1 அன்று இந்தியா தண்ணியை நிறுத்த, தண்ணீரே பாதுகாப்புப் பிரச்சினை ஆச்சு. ஒப்பந்தம் வர 1960 ஆனது.

அசாமுக்குப் போன ரயில் பாதை கிழக்கு பாகிஸ்தானில் மாட்டிக்கிச்சு. நம்ம இன்ஜினியர்கள் 1950-க்குள் புதுப் பாதை போட்டாங்க. இன்னைக்கும் வடகிழக்குக்குத் தரைவழி, குறுகலான இடத்தில் சுமார் 22 கி.மீ. அகலமே உள்ள சிலிகுரி வழிதான்.

பாகிஸ்தானின் ரெண்டு பகுதிக்கும் நடுவே சுமார் 1,600 கி.மீ. இந்தியா. 1971-ல் நம்ம வான்வழி மூடினதும், அவங்க விமானங்கள் இலங்கை வழியாச் சுத்திப் போக வேண்டியதாச்சு. அந்த டிசம்பரில் கிழக்குப் பகுதி வங்கதேசம் ஆனது.

ராட்கிளிஃப் தனக்கான 40,000 ரூபாயை வாங்கல. காகிதங்களை அழிச்சுட்டார். பிறகு இங்கிலாந்தின் உச்ச நீதிபதிகளில் ஒருவரானார். 1977-ல் இறக்கும்வரை இந்தியா திரும்பவே இல்லை.

அவரை மட்டும் குத்தம் சொல்றது ஈஸி. ஆனா அந்த ஐந்து வார டெட்லைன் அவர் வச்சதில்லை. அதுக்கான விலையை ரெண்டு நாடும் இன்னும் கொடுத்துக்கிட்டிருக்கு. நேரம் கிடைச்சா மேப்பில் சிலிகுரியை ஜூம் பண்ணிப் பாருங்க.