படகுக்கு மோட்டார் மாட்டிய விவசாயி மகன்

கிணற்றில் தண்ணீர் இறங்கி, ஃபுட் வால்வு வெளியே தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மோட்டார் ஓடும். பாரம் இல்லாததால் வழக்கத்தைவிட வேகமாகவே ஓடும். ஆனால் குழாயில் தண்ணீர் வராது; காற்றுதான் வரும். கடலோரத்தில் படகு வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை 2 அங்குலம் உயர்த்தி மாட்டிவிட்டால், புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளாமல் காற்றை இழுக்கும். இன்ஜின் அலறும், படகு நகராது, எரிபொருள் மட்டும் தீரும்.

அந்த மோட்டாரைச் செய்து, உலகம் முழுக்க விற்றுக் காட்டியவர் ஓலே எவின்ரூட். அவர் விவசாயி மகன் என்பதும், தொழில் கற்ற இடம் விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை என்பதும் இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் பிடிக்கும்.

ஓலே 1877-ல் நார்வே நாட்டில் பிறந்தார். அவருக்கு 5 வயதாகும்போது குடும்பம் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு அருகே, ரிப்ளி ஏரியை ஒட்டி நிலம் வாங்கிக் குடியேறினார்கள். பெரிய படிப்பு எதுவும் ஓலேவுக்கு இல்லை. சில வகுப்புகளோடு பள்ளி முடிந்தது. அப்பாவுக்கு மகன் வயலில் நிற்க வேண்டும். மகனுக்கோ ஏரியும் படகும்தான். ஒளித்து வைத்துக் கட்டிய முதல் படகை அப்பா அழித்துவிட்டார் என்றும், பையன் அசராமல் இன்னொன்று கட்டினான் என்றும் ஒரு கதை சொல்வார்கள். மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டுக் குளத்தங்கரைக்கு ஓடும் பிள்ளை எந்த ஊரில் இல்லை?

16 வயதில் வீட்டை விட்டு மாடிசன் நகருக்கு வந்தார். விவசாயக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பகலில் இரும்பு, இரவில் கணக்கும் பொறியியல் புத்தகங்களும். அதன்பிறகு பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகள், சிகாகோ என்று சில ஆண்டுகள் சுற்றினார். 1900-ஆம் ஆண்டு வாக்கில் மில்வாக்கி நகரில் நிலைகொண்டார். வார்ப்பு வேலைக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் மேக்கர் என்பது அவர் தொழில். ஓய்வு நேரமெல்லாம் பெட்ரோல் இன்ஜின்தான். அவர் கூட்டாகத் தொடங்கிய சிறு பட்டறைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நொடித்தன. இன்ஜின் தெரிந்த அளவுக்கு அவருக்குக் கணக்குப் புத்தகம் தெரியவில்லை.

அந்தக் குறையை நிரப்பியவர் பெஸ் கேரி. பக்கத்தில் குடியிருந்த பெண். வணிகக் கல்வி படித்தவர். கடிதம் எழுதித் தந்து கணக்கும் பார்த்தார். 1906-ல் இருவரும் மணந்துகொண்டார்கள்.

மோட்டார் பிறந்த கதை ஐஸ்கிரீமில் தொடங்குகிறது. ஒகாச்சி என்ற ஏரியில் ஒரு தீவுக்கு நண்பர்களோடு உல்லாசப் பயணம் போயிருந்தார்கள். கடும் வெயில். பெஸ் ஐஸ்கிரீம் கேட்க, ஓலே துடுப்பு வலித்துக் கரைக்குப் போய் வாங்கி வந்தார். 4 கிலோமீட்டர் அளவு தூரம் என்கிறார்கள். திரும்பி வருவதற்குள் எல்லாம் உருகிவிட்டது. வியர்வையில் நனைந்து துடுப்போடு போராடியபோதுதான், இந்த வேலையை இன்ஜின் செய்யக்கூடாதா என்ற எண்ணம் வந்ததாம். இது பலமுறை சொல்லப்பட்டு மெருகேறிய கதை. ஐஸ்கிரீம் உருகியதோ இல்லையோ, 1907-ல் முதல் மோட்டாரை அவர் செய்துவிட்டார். பார்த்த பெஸ்ஸுக்கு அது காபி அரைக்கும் இயந்திரம் போலத் தெரிந்ததாம்.

படகுக்கு வெளியே மாட்டும் மோட்டாரை முதலில் யோசித்தவர் ஓலே அல்ல. கேமரன் வாட்டர்மேன் என்பவர் அவருக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே விற்பனையைத் தொடங்கியிருந்தார். ஓலேவின் சிறப்பு அமைப்பில் இருக்கிறது. சிலிண்டர் படுக்கையாக இருக்கும்; கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும்; மேலே ஃப்ளைவீல். அங்கிருந்து ஒரு தண்டு நேராக நீருக்குள் இறங்கி, பல்சக்கரம் வழியாகப் புரொப்பல்லரைச் சுற்றும். இன்று உங்கள் ஊர்க் கடற்கரையில் நிற்கும் மோட்டாரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பாகங்கள் மாறியிருக்கும், நிற்கும் தண்டும் அடியில் திரும்பும் பல்சக்கரமும் அப்படியே இருக்கும்.

1909-ல் விற்பனைக்கு வந்தது. ஒன்றரை குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ. விலை 62 டாலர். விளம்பர வாசகம் எழுதியது பெஸ். துடுப்பைத் தூக்கி எறியச் சொன்ன அந்த விளம்பரத்துக்கு ஆர்டர்கள் குவிந்தன. ஸ்காண்டிநேவிய நாடுகளின் மீனவர்கள் பெரும் எண்ணிக்கையில் வாங்கினார்கள். உல்லாசப் படகுக்கென நினைத்த பொருள், வயிற்றுப்பாட்டுக்குக் கடலுக்குப் போகிறவர்கள் கைக்கு வந்தது அப்போதுதான்.

அதோடு ஒரு பொறுப்பும் கைமாறியது. இன்ஜினைப் படகுக்குள்ளேயே பொருத்தும் காலத்தில், தண்டு எந்த உயரத்தில் வெளியே வரவேண்டும் என்பதைப் படகு கட்டுகிற ஆசாரி முடிவு செய்தார். ஓலேவின் மோட்டாரை எந்தப் படகிலும் மாட்டலாம், கழற்றலாம். படகுக்குப் படகு பின்பலகையின் உயரம் மாறும். ஆகவே உயரம் பார்ப்பது மாட்டுகிறவர் வேலையாகிவிட்டது. பல இடங்களில் அந்த வேலையை யாரும் செய்வதில்லை என்பதுதான் சங்கடம். கடைக்காரர் விற்றதோடு சரி. வாங்கியவர் திருகை இறுக்கியதோடு சரி.

பார்க்கும் முறை எளிது. புரொப்பல்லருக்குச் சற்று மேலே, கிடைமட்டமாக ஒரு தகடு இருக்கும். மேலேயிருந்து காற்று புரொப்பல்லருக்கு இறங்காமல் தடுப்பது அது. படகைக் கரையில் மட்டமாக நிறுத்தி, மோட்டாரை நேராக இறக்கிவிடுங்கள். நேரான ஒரு மரச்சட்டத்தைப் படகின் அடிப்பகுதியோடு ஒட்டிவைத்துப் பின்னோக்கி நீட்டுங்கள். அந்தத் தகடு சட்டத்தின் மட்டத்திலோ, அதற்கு 25 மில்லிமீட்டர் வரை கீழேயோ இருந்தால் பெரும்பாலான படகுகளுக்குச் சரி. தகடு படகின் அடிப்பகுதிக்கு இணையாகவும் இருக்கவேண்டும். மோட்டாரோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவு.

உயர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று முதலிலேயே சொன்னேன். கூடவே இன்னொன்று: இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துளைகள் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. அவையும் காற்றை இழுத்தால் இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது நடந்தால் உயிருக்கே ஆபத்து. மோட்டாரின் பின்பக்கம் சிறு தாரையாகத் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று அடிக்கடி பார்ப்பது இதற்காகத்தான்.

தாழ்ந்துவிட்டால் சேதம் மெதுவாகத் தெரியும். கால்பகுதி தண்ணீரை அதிகம் கிழிக்கவேண்டியிருப்பதால் வேகம் குறையும், எரிபொருள் கூடும், நீர் சிதறி மோட்டார் மேல் ஏறும், கரையேற்றும்போது மணலில் முட்டும். வலை, ஐஸ் பெட்டி, ஆட்கள் எல்லாம் ஏற்றிப் படகை நிறுத்திவைத்துப் பாருங்கள். மோட்டாரின் தலைப்பகுதி தண்ணீர் மட்டத்துக்கு நெருங்கி வந்தால் ஆபத்து. வெறும் படகில் பார்த்த உயரம் பாதி உண்மைதான்.

அடியில் ஏராக்கட்டை பின்பலகை வரை ஓடும் படகில், அது கலக்கிவிட்ட தண்ணீர் நேராகப் புரொப்பல்லரில் மோதும். கட்டையின் பின்முனையைச் சீவிக் கூராக்கினாலே பாதித் தொல்லை தீரும். இரு முனையும் கூரான வள்ளங்களில் பக்கவாட்டில் சட்டம் கட்டி மாட்டுவார்கள். அலையில் படகு சாயும்போது புரொப்பல்லர் வெளியே வராதபடி அங்கே நீளத் தண்டு மோட்டார் வேண்டும். லாங் டெயில் இன்ஜினுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

ஓலேவிடம் வருவோம். தொழில் பெருகப் பெருக பெஸ்ஸின் உடல்நலம் கெட்டது. 1914-ல் தன் பங்கைக் கூட்டாளிக்கு விற்றார். 5 ஆண்டு இந்தத் தொழிலில் இறங்குவதில்லை என்பது நிபந்தனை. மனைவியோடும் மகன் ரால்ஃபோடும் ஊர் சுற்றினார். கை மட்டும் சும்மா இருக்கவில்லை. அலுமினியம் அதிகம் சேர்த்து, இரண்டு சிலிண்டர் கொண்ட புது மோட்டார் ஒன்றை வரைந்தார். 3 குதிரைத்திறன், எடை 48 பவுண்டு, ஏறக்குறைய 22 கிலோ. திறன் இரட்டிப்பு, எடையோ 6 கிலோ குறைவு. கரையிலிருந்து தோளில் தூக்கிப் போகிறவருக்கு அந்த 6 கிலோவின் அருமை தெரியும்.

பழைய கூட்டாளியிடமே முதலில் கொண்டுபோனார். அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஓலே 1920-களின் தொடக்கத்தில் சொந்தமாகவே எல்டோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தன் பெயரில் தான் தொடங்கிய நிறுவனத்தையே எதிர்த்து விற்கும் நிலை. 1929-ல் இரண்டும் ஒன்றிணைந்தன, தலைவர் ஓலே. அதே ஆண்டு பங்குச் சந்தை சரிந்து, அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. தாக்குப்பிடிக்கப் போராடிக்கொண்டிருந்த காலத்தில், 1933-ல் பெஸ் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் ஓலேவும் போனார். வயது 57. மகன் ரால்ஃப் பொறுப்பேற்றார். நிறுவனம் பல கைகள் மாறி, 2020-ல் எவின்ரூட் மோட்டார் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

இப்போது சந்தையில் இருப்பவை மற்ற நிறுவனங்களின் மோட்டார்கள். தண்டு நீளம் பொதுவாக 15, 20, 25 அங்குலம். பழைய மோட்டார் வாங்கப் போகிறவர் முதலில் தன் படகின் பின்பலகையை அளக்கட்டும்: மோட்டார் உட்காரும் மேல் விளிம்பிலிருந்து அடிப்பகுதி வரை, நடுவில், செங்குத்தாக. அது 20 அங்குலம் என்றால் 15 அங்குல மோட்டார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் படகுக்கு ஆகாது. ஓரிரு அங்குல வித்தியாசம்தான் என்றால், அடியில் கெட்டியான மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். உயர்த்தியபின் கைத்திருகை மட்டும் நம்பாமல், பின்பலகையை ஊடுருவும் போல்ட்டு போட்டு இறுக்கி, ஒரு கயிற்றாலும் மோட்டாரைப் படகோடு பிணைத்துவிடுங்கள்.