பாரம்பரிய வைத்தியருக்கு நவீன மருத்துவமும் கற்பித்த ஹக்கீம் அஜ்மல் கான்

டில்லிக்குச் சுற்றுலா சென்று வந்தவர்களுக்குக் கரோல் பாக் கடைவீதி நன்றாகத் தெரிந்திருக்கும். துணிமணி, செருப்பு, பாத்திரம் என்று எல்லாம் கிடைக்கும் அந்த வட்டாரத்தின் முக்கியமான சாலைக்கு அஜ்மல் கான் சாலை என்று பெயர். அதே வட்டாரத்தில் நூறு ஆண்டுகளைக் கடந்த ஒரு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சாலையில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்கும் அந்தக் கல்லூரிக்கும் உள்ள தொடர்பு தெரியும் என்று சொல்வது கடினம்.

இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றைப் படித்தவர்கள் ஹக்கீம் அஜ்மல் கானை அரசியல் தலைவராக அறிவார்கள். ஆனால், அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்த கவலை வேறு. நாட்டு வைத்தியர்கள் அழிந்து போகாமல் இருக்க வேண்டும். அதே நேரத்தில் அறியாமையால் ஒரு நோயாளியும் அவர்கள் கையில் சாகக்கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிக்க அவர் கண்ட வழி, வைத்தியர்களை மீண்டும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைப்பது.

வைத்தியர் குடும்பத்தின் கடைக்குட்டி

அஜ்மல் கான் 1868-ஆம் ஆண்டு டில்லியில் பிறந்தார். பழைய டில்லியின் பல்லிமாரான் பகுதியில் உள்ள ஷரீஃப் மன்சில் அவர்களின் குடும்ப வீடு. முகலாய மன்னர் ஷா ஆலம் காலத்தில் அரண்மனை மருத்துவராக இருந்த ஹக்கீம் ஷரீஃப் கானின் பெயரால் அமைந்த வீடு அது. நோயாளிகள் வந்து போகும் இடமாகவும், மாணவர்கள் யுனானி மருத்துவம் படிக்கும் இடமாகவும் அது விளங்கியது.

யுனானி என்பது பழைய கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்தது. அரபு, பாரசீக அறிஞர்கள் அதை வளர்த்தார்கள். இந்தியாவுக்கு வந்தபின் இந்நாட்டு மூலிகைகளும் அதில் சேர்ந்தன. நாடி பார்ப்பதும், உடலின் தன்மை அறிந்து உணவும் மருந்தும் கொடுப்பதும் அதன் அடிப்படை. நம் சித்த வைத்தியத்தையும் ஆயுர்வேதத்தையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

தந்தை ஹக்கீம் மஹ்மூத் கான் பெரும்பெயர் பெற்ற வைத்தியர். 1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயப் படை டில்லி நகரத்தைச் சூறையாடியபோது, இக்குடும்பத்திடம் மருத்துவம் பார்த்து வந்த பாட்டியாலா மகாராஜா அவர்கள் தெருவுக்குக் காவல் வைத்தார். அக்கம்பக்கத்தில் பலர் அதனால் உயிர் தப்பினார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த அஜ்மல் கான் சிறு வயதிலேயே திருக்குர்ஆனை மனப்பாடம் செய்தார். அரபும் பாரசீகமும் கற்றார். மருத்துவத்தைக் குடும்பப் பெரியவர்களிடமே பயின்றார். 1892-ஆம் ஆண்டு ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவரானார். அண்ணன்மார் மறைந்த பிறகு, குடும்பப் பொறுப்பும் அவர்கள் நடத்தி வந்த திப்பியா பள்ளியின் பொறுப்பும் அவர் தோளில் விழுந்தன.

டில்லியில் தம்மைத் தேடி வந்தவர்களுக்கு அவர் கட்டணமின்றி வைத்தியம் பார்த்தார். வெளியூருக்கு அழைக்கும் செல்வந்தர்களிடம் மட்டும் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் வாங்கினார். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. மக்கள் அவரை மஸீஹுல் முல்க் என்று அழைத்தார்கள். நாட்டின் நோய் தீர்ப்பவர் என்ற கருத்தில் வந்த பெயர் அது.

வைத்தியர்களுக்கு வந்த ஆபத்து

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டு வைத்தியர்களுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. ஆங்கில மருத்துவம் படித்தவர்களை மட்டும் பதிவு செய்து அங்கீகரிக்கும் சட்டங்களை மாகாண அரசாங்கங்கள் கொண்டு வந்தன. பம்பாயில் 1912-ஆம் ஆண்டும், சென்னையிலும் வங்காளத்திலும் 1914-ஆம் ஆண்டும் அச்சட்டங்கள் நடப்புக்கு வந்தன.

பதிவு இல்லாத வைத்தியர் கொடுக்கும் சான்றிதழுக்கு அரசாங்கத்தில் மதிப்பில்லை. ஆங்கில மருத்துவர் ஒருவர் வைத்தியர்களோடு சேர்ந்து பணியாற்றினால் அதையும் தொழில் ஒழுங்குக்கு மாறானதாக மருத்துவ மன்றங்கள் பார்த்தன. நகரத்துக்கு வெளியே வாழ்ந்த மக்களில் பெரும்பாலோர் ஆங்கில மருத்துவரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே மருத்துவர் ஊர் வைத்தியர்தான். அவரைச் சட்டம் ஒதுக்கினால் ஏழை மக்கள் யாரிடம் போவார்கள்?

அஜ்மல் கான் இதை எதிர்த்து யுனானி ஹக்கீம்களையும் ஆயுர்வேத வைத்தியர்களையும் ஒரே மாநாட்டில் கூட்டினார். முஸ்லிம்களின் வைத்தியம், இந்துக்களின் வைத்தியம் என்று பிரிந்து நின்றால் இரண்டும் அழியும் என்பது அவர் கருத்து.

எதிர்ப்போடு அவர் நின்றுவிடவில்லை. சட்டத்தின் பின்னால் இருந்த குற்றச்சாட்டையும் நேராகப் பார்த்தார். பல வைத்தியர்களுக்கு உடலின் உள்ளமைப்பு தெரியாது. அறுவை சிகிச்சை அவர்கள் கையை விட்டுப் போய்ப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. எந்தப் படிப்பும் இல்லாமல் வைத்தியர் என்று சொல்லிக்கொள்வோரும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இந்தக் குறைகளை மறைத்துக்கொண்டு பாரம்பரியத்தைக் காப்பாற்ற முடியாது என்று அவர் முடிவு செய்தார்.

முதலில் மருத்துவச்சிகள்

அவர் எடுத்துவைத்த முக்கியமான அடிகளில் ஒன்று பெண்களுக்காக. அக்காலத்தில் வடநாட்டில் திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் போகமாட்டார்கள். பிரசவம் பார்ப்பது தாய் என்று அழைக்கப்பட்ட மருத்துவச்சிகளின் வேலை. பரம்பரையாக வந்த கைப்பழக்கம் அவர்களிடம் இருந்தது. ஆனால், சுத்தம் பற்றிய அறிவு குறைவாக இருந்ததால் தாயும் பிள்ளையும் காய்ச்சல் கண்டு இறப்பது சாதாரணமாக நடந்தது.

1909-ஆம் ஆண்டு அஜ்மல் கான் பெண்களுக்கென்று தனிப் பள்ளி தொடங்கினார். யுனானி முறையோடு நவீன பிரசவ முறையும் அங்கே கற்பிக்கப்பட்டது. மருத்துவச்சியை விரட்டிவிட்டு வேறொருவரை உட்கார வைக்கும் திட்டமாக அது இருக்கவில்லை. ஊர் நம்பும் பெண்ணின் கையிலேயே புதிய அறிவைக் கொடுக்கும் திட்டமாக இருந்தது.

லண்டனில் நடந்த சோதனை

1911-ஆம் ஆண்டு அவர் ஐரோப்பாவுக்குப் பயணம் செய்தார். மருத்துவமனைகளையும் மருத்துவப் பள்ளிகளையும் நேரில் பார்த்து, தம் கல்லூரிக்கு எவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவதே நோக்கம். லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் அப்போது டாக்டர் எம். ஏ. அன்சாரி பணியாற்றிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவரான அதே அன்சாரிதான்.

அங்கே நடந்ததாக வாழ்க்கை வரலாறுகளில் சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. மூத்த அறுவை மருத்துவர் ஸ்டான்லி பாய்ட், ஒரு நோயாளிக்குப் பித்தப்பையில் கோளாறு என்று கருதினார். அஜ்மல் கான் நாடி பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருப்பதாகச் சொன்னார். மறுநாள் வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹக்கீம் சொன்னதே சரியாக இருந்ததாம். பாய்ட் மனம் கோணாமல் அவரைப் பாராட்டி விருந்து வைத்தாராம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக ஹக்கீமின் வெற்றியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதில் இன்னொரு பாதியும் இருக்கிறது. புண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஹக்கீம். அதைத் திறந்து சரிசெய்யும் திறமை இருந்தது பாய்ட்டின் கையில். அந்த நோயாளிக்கு இருவருமே தேவைப்பட்டார்கள். அஜ்மல் கான் ஊர் திரும்பிக் கட்டிய கல்லூரியின் அடிப்படையும் அதுதான்.

கல்லூரி எழுந்தது

கரோல் பாக்கில் ஆயுர்வேத யுனானி திப்பியா கல்லூரிக்கு 1916-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார். சமஸ்தான மன்னர்களும் பொதுமக்களும் நன்கொடை அளித்தார்கள். அஜ்மல் கான் நிறுவிய இந்துஸ்தானி தவாகானா என்ற மருந்துக்கூடத்தின் வருமானமும் கல்லூரிக்கே போனது.

ஒரே வளாகத்தில் யுனானியும் ஆயுர்வேதமும் கற்பிக்கப்பட்டன. எதை எடுத்தாலும் மாணவர்கள் நவீன உடற்கூறியல், உடலியங்கியல், அறுவை சிகிச்சை ஆகியவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். படித்ததை நோயாளிகளிடம் பழகிப் பார்க்க மருத்துவமனையும் இருந்தது.

இதற்கு இரண்டு பக்கமும் எதிர்ப்பு வந்தது. நாட்டு வைத்தியம் விஞ்ஞானமே அல்ல என்று ஆங்கில மருத்துவர்களில் பலர் ஒதுக்கினார்கள். லக்னோவின் பெயர்பெற்ற ஹக்கீம்களில் சிலரோ யுனானியின் தூய்மை கெட்டுவிடும் என்று வருந்தினார்கள். அஜ்மல் கான் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

1921-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் கல்லூரியைத் திறந்து வைத்தவர் மகாத்மா காந்தி. ஒத்துழையாமை இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அஜ்மல் கானே அரசாங்கம் தந்த பட்டத்தையும் பதக்கத்தையும் திருப்பிக் கொடுத்திருந்தார். ஆனாலும், அடிக்கல் நாட்டிய ஹார்டிஞ்ச் தம்பதியின் படங்கள் அதே விழாவில் காந்தியின் கையாலேயே திறக்கப்பட்டன. ஆட்சியை எதிர்ப்பது வேறு, நல்ல காரியத்துக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி காட்டுவது வேறு என்பதை அது உணர்த்தியது.

காந்தி அன்று வைத்தியர்களை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. மேல்நாட்டு விஞ்ஞானிகளிடம் உள்ள ஆராயும் வேட்கை நம் வைத்தியர்களிடம் குறைந்துவிட்டது என்று அவர் சுட்டிக்காட்டினார். அஜ்மல் கானின் மனத்திலும் இருந்த கவலை அதுவே.

அரசியலின் இழுப்பு

அதே ஆண்டு இறுதியில் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்க வேண்டிய சி. ஆர். தாஸ் சிறையில் இருந்ததால், அஜ்மல் கான் அந்த இடத்தில் அமர்ந்தார். 1920-இல் உருவான ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரும் அவரே. இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக ஓடியாடியபடியே நோயாளிகளையும் பார்த்து வந்தார். இதற்கிடையே அவர் உடல்நலம் தளர்ந்தது. 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் இதய நோயால் ராம்பூரில் காலமானார்.

வேரில் கிடைத்த விடை

மறைவதற்கு முன் அவர் விதைத்த ஒன்று பின்னர் முளைத்தது. வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வரும் மூலிகைகளுக்குள் என்ன இருக்கிறது என்று வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்பது அவர் ஆசை. ஜெர்மனியில் படித்த இளம் விஞ்ஞானி சலீமுஸ்ஸமான் சித்தீக்கிக்கு அவர் ஆதரவு தந்தார். திப்பியா கல்லூரியில் ஆராய்ச்சிப் பிரிவை அமைக்கும் வேலை அவரிடம் வந்தது.

சித்தீக்கி எடுத்துக்கொண்டது சர்ப்பகந்தி வேர். மனக்கோளாறுக்கும் பாம்புக்கடிக்கும் வைத்தியர்கள் பயன்படுத்தி வந்த மூலிகை அது. 1931-ஆம் ஆண்டு அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்குத் தம்மை ஆதரித்தவரின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீர்செய்யும் மருந்தாக அது பின்னர் உலகில் பயன்பட்டது. அதே வேரிலிருந்து 1952-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் ரெசர்பின் என்ற இரத்த அழுத்த மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

முடியாத விவாதம்

அஜ்மல் கான் தொடங்கிய விவாதம் அவரோடு முடியவில்லை. சென்னையில் 1925-ஆம் ஆண்டு அரசாங்கம் தொடங்கிய இந்திய மருத்துவப் பள்ளியிலும் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு நவீன மருத்துவப் பாடங்கள் கற்பிக்கப்பட்டன. காலப்போக்கில் அங்கே நவீன மருத்துவத்தின் பக்கமே கை ஓங்கியது. 1960-இல் அந்த இடத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி உருவானது. இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும்போது ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுமோ என்று லக்னோ ஹக்கீம்கள் பயந்தது வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், டில்லியில் அவர் கட்டிய கல்லூரி இன்னும் நடக்கிறது. ஆயுர்வேதமும் யுனானியும் அங்கே இன்றும் பட்டப்படிப்புகள். தன் கையால் எதைச் செய்ய முடியும், எந்த இடத்தில் நோயாளியை அடுத்தவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்த வைத்தியரே மக்களுக்குத் தேவை என்று அந்த ஹக்கீம் நம்பினார். இதய நோயால் மறைந்த அவர் பெயரை, இன்று உலகின் இதய மருத்துவர்கள் ஒரு மருந்தின் பெயராகச் சொல்கிறார்கள். அந்த மருந்து ஒரு வைத்தியரின் மூலிகைப் பையிலிருந்து வந்தது. அதை வெளியே கொண்டு வந்தது ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம்.