பாதிக் குடுவையின் மேல் வைத்த அன்பு

வீடு மாறும்போது எதைத் தூக்கிப் போடுவது, எதை மூட்டை கட்டுவது என்று நீங்களும் ஒரு நாள் திண்டாடியிருப்பீர்கள். விலை கூடிய சாமானைக்கூடச் சட்டென்று யாருக்காவது கொடுத்துவிடுவோம். கைப்பிடி தேய்ந்த கரண்டியையோ, விளிம்பு நெளிந்த டம்ளரையோ கொடுக்கத்தான் மனம் வராது. ஒரு சாதாரணப் பொருளின் மேல் நமக்கு ஏன் இத்தனை பாசம்? அந்தப் பாசம் நம்மை எதுவரை கொண்டுபோகும்? இந்தக் கேள்விகளுக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் தேடிய ஜப்பானியர் சோயெட்சு யனாகி. இந்த இதழில் அவரைப் பற்றிப் படியுங்கள்.

யனாகி 1889-ல் டோக்கியோவில் பிறந்தார். கடற்படையில் உயர் அதிகாரியாக இருந்த தந்தை, மகன் சிறு குழந்தையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். வசதியான குடும்பம், நல்ல படிப்பு. 1910-ல் நண்பர்களோடு சேர்ந்து 'ஷிரகாபா' என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். ஐரோப்பியக் கலையை ஜப்பானியருக்கு அறிமுகம் செய்த இதழ் அது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்த இளைஞர்களுக்குச் சில சிறு சிற்பங்களை அனுப்பிவைத்தார். அவை யனாகியின் பொறுப்பில் இருந்தன.

1914-ல் அந்தச் சிற்பங்களைப் பார்க்க ஒருவர் வந்தார். பெயர் நோரிதகா அசகாவா. கொரியாவில் பள்ளி ஆசிரியர். வெறுங்கையோடு வரக் கூடாது என்று கொரியப் பீங்கான் பாத்திரங்களைக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெள்ளைப் பீங்கானில் நீல நிறத்தில் நாலு புல் இதழ்கள் மட்டும் வரைந்திருந்தார்கள். அதுவும் முழுப் பாத்திரமில்லை; சுரைக்காய் வடிவக் குடுவை ஒன்றின் கீழ்ப்பாதி. வந்தவர் ரோடினைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். யனாகியோ அந்தப் பாதிக் குடுவையிலேயே மனதைப் பறிகொடுத்தார்.

இதில் ஒரு சிக்கல் இருந்ததைக் கவனியுங்கள். கொரியாவை ஜப்பான் 1910-லேயே தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. ஆள்பவரின் நாட்டில் பிறந்தவர், ஆளப்படுபவரின் கைவேலையைக் கண்டு உருகுகிறார். பாத்திரத்தை மட்டும் அலமாரியில் வைத்துக்கொண்டு, அதைச் செய்த மக்களை மறந்துவிடுவது எளிது. பலர் அப்படித்தான் இருந்தார்கள். யனாகியால் முடியவில்லை.

1916-ல் அவர் முதன்முறையாகக் கொரியா சென்றார். நோரிதகாவின் தம்பி தகுமி அவருக்கு நெருங்கிய நண்பரானார். 1919 மார்ச்சில் கொரிய மக்கள் விடுதலை கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஜப்பானிய ஆட்சி அவர்களை இரக்கமின்றி ஒடுக்கியது. அப்போது யனாகி ஜப்பானியப் பத்திரிகையிலேயே, தன் நாட்டின் நடத்தையைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். மறு ஆண்டு, பாடகியான மனைவி கனெகோவுடன் கொரியா சென்றார். கனெகோ அங்கே இசை நிகழ்ச்சிகள் நடத்தினார்.

1922-ல் இன்னொரு சோதனை வந்தது. சியோல் அரண்மனையின் முன்வாசலான குவாங்வாமுன்னை இடித்துத் தள்ள ஆட்சியாளர்கள் திட்டமிட்டார்கள். யனாகி மறுபடியும் பேனாவை எடுத்தார். நிலைமை தலைகீழாகி, ஜப்பானைக் கொரியா ஆண்டு, டோக்கியோவின் பழைய கோட்டையை இடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தன் மக்களை எண்ணிப் பார்க்கச் சொன்னார். எதிர்ப்பு எழுந்த பிறகு, வாசலை இடிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். 1924-ல் அதே அரண்மனை வளாகத்தில், தகுமியின் துணையோடு கொரியக் கைவினைகளுக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார்.

அன்றாடப் பாத்திரங்கள் மீதான இந்தக் கண் பிறகு ஜப்பான் பக்கமும் திரும்பியது. 1925-ல் குயவர்களான ஷோஜி ஹமாதா, கன்ஜிரோ கவாய் ஆகியோருடன் சேர்ந்து 'மிங்கெய்' என்ற சொல்லை உருவாக்கினார். மக்களின் கைவினை என்று பொருள். பெயர் தெரியாதவர்கள், தினசரிப் புழக்கத்துக்காக, மலிவாக, நிறையச் செய்த பொருள்களில்தான் உண்மையான அழகு குடியிருக்கிறது என்பது அவர் கட்சி. கியோட்டோ கோயில் ஒன்றில் 'கிஸாஎமோன்' என்ற புகழ்பெற்ற தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. 1931-ல் அதை நேரில் பார்த்தபோது, இது கொரிய ஏழை வீட்டுச் சோற்றுக் கிண்ணம்தானே என்று அவருக்குத் தோன்றியது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அதன் சிறப்பு என்றார். 1936-ல் டோக்கியோவின் கொமாபா பகுதியில் ஜப்பான் நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். 1961-ல் மறையும்வரை அதை நடத்தினார்.

அவர் அன்பிலும் ஒரு குறை இருந்தது. கொரியக் கலையின் அழகு துயரத்தின் அழகு என்று எழுதினார். வளைந்த கோட்டிலும் வெள்ளை நிறத்திலும் அவர் கண்ணீரைக் கண்டார். பின்னாளில் கொரிய அறிஞர்கள் பலர் இதை மறுத்தார்கள். எங்கள் பாத்திரங்களில் சிரிப்பும் தெம்பும் இல்லையா, அடிமைப்பட்ட காலத்தின் சோகத்தை எங்கள் வரலாறு முழுக்கப் பூசலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு பொருளைப் பார்த்து நாம் உணர்வதெல்லாம், அதைச் செய்தவர் மனதில் இருந்ததாகிவிடாது. இத்தனைக்கும் பிறகு தென்கொரிய அரசு 1984-ல் அவருக்குப் பண்பாட்டு விருது அளித்தது. ஆபத்துக் காலத்தில் பேசியவர் என்ற நன்றி.

குவாங்வாமுன் கொரியப் போரில் சிதைந்தது. 2010-ல் பழைய இடத்திலேயே மீண்டும் எழுப்பினார்கள். சியோல் போனால் நீங்கள் அதன் வழியாக நடக்கலாம். டோக்கியோ போனால் கொமாபா அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். யனாகியை மாற்றிய அந்தப் பாதிக் குடுவை அவர்களின் சேகரிப்பில்தான் இருக்கிறது.

இரண்டுக்கும் போக முடியாவிட்டால் பரவாயில்லை. இன்று மாலை, உங்கள் வீட்டில் தூக்கிப் போட மனம் வராத ஒரு சாமானைக் கையில் எடுங்கள். அதை எந்த ஊரில், யார் செய்திருப்பார்கள், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று வீட்டுப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.