ஒருமையா, பன்மையா?

மேற்கு ஆபிரிக்காவிலே ஆங்கிலேயர் பொற்கரை என வழங்கிய நாட்டில், பொற்கொல்லர் ஒருவரின் மைந்தராக 1909 இல் தோன்றியவர் குவாமே நிக்குரூமா. சிலகாலம் ஆசிரியத் தொழில் புரிந்தார். 1935 இல் அமெரிக்கா சென்று இலிங்கன் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1947 இல் அவரைத் தாயகத்துக்கு அழைத்துக்கொண்டது ஐக்கிய பொற்கரை மாநாடு என்னும் கட்சி. அதன் தலைவருள் ஒருவர் டாங்குவா என்னும் வழக்கறிஞர். இப்பெயரை வாசகர் மனத்திற் கொள்க.

ஈராண்டில் நிக்குரூமா பிரிந்து தனிக்கட்சி கண்டார். 1950 இற் சிறை புகுந்தார். அடுத்த ஆண்டு சிறையிலிருந்தவாறே தேர்தலில் வென்று, வெளிவந்து அரசு அமைத்தார். 1957 மார்ச் 6 ஆம் நாள் அந்நாடு கானா என்னும் பெயரொடு விடுதலை எய்தியது. பாடசாலைகள் பெருகின, தேமாவில் துறைமுகம் எழுந்தது, வோல்ற்றா ஆற்றை மறித்து அக்கோசொம்போ அணை உயர்ந்தது.

எனினும் 1958 இலே, விசாரணையின்றி எவரையும் ஐந்தாண்டு வரை சிறைவைக்க ஒரு சட்டம் பிறந்தது. 1964 இல் நாட்டில் ஒரே கட்சி என்றாயிற்று. கொக்கோவின் விலை வீழ்ந்தது, கடன் ஏறியது. 1965 பெப்ரவரியில் டாங்குவா விசாரணை காணாமலே சிறையில் மாண்டார். மறு ஆண்டு சனவரியில் நிக்குரூமா அணையைத் திறந்துவைத்தார். அடுத்த மாதம், அவர் சீனம் சென்றிருந்த வேளை, படையினர் ஆட்சியைக் கவிழ்த்தனர். மக்கள் தெருவிலே களிகூர்ந்தனர். அவரது சிலை வீழ்த்தப்பட்டது. கினி நாட்டில் அடைக்கலம் புகுந்த அவர், 1972 இல் ருமேனியாவில் உயிர்நீத்தார்.

விடுதலையை அவர் முழங்கிய அதே திடலில் 1992 இல் நினைவாலயம் எழுப்பி, அவர் உடலை அங்கே அடக்கினர். வீழ்த்தப்பட்ட சிலையும் அங்கே நிற்கின்றது. 2009 இல் அவர் பிறந்தநாள் நாட்டை நிறுவியவர் ஒருவரின் நாளாக விடுமுறை பெற்றது. 2019 இல் அது நிறுவியோர் பலரின் நாளாக ஆகஸ்ட் 4 ஆம் தேதிக்கு மாறியது. டாங்குவா முதலியோர்க்கும் பங்குண்டு என்பது மாற்றியோர் வாதம். 2025 இல் மீண்டும் ஒருமையாயிற்று. ஆங்கில எழுத்தில் ஒரு சிறுகுறி இடம்மாறுவதே இவ்வேற்றுமை. இலக்கணம் கற்பிக்கும் எனக்கு, ஒருமை பன்மை மயக்கம் ஒரு நாட்டின் வழக்காகவே நிற்பது வியப்பளிக்கின்றது.

குணத்தையும் குற்றத்தையும் நிறுத்து, மிகுந்ததைக் கொள்ளுமாறு நம் ஆன்றோர் பணித்தனர். மனிதரோடு பழகுதற்கு அந்நெறி போதும். ஆனால் அணையையும் ஆருயிரையும் எந்தத் தராசில் இட்டு நிறுப்பது? மின்னொளி பெற்றவர் வேறு; சிறையில் மடிந்தவர் வேறு. ஒருவர் பெற்ற நன்மை மற்றவர் இழந்ததை ஈடுசெய்யாது. நிக்குரூமாவின் வரலாற்றை எழுதப் புகும் மாணாக்கர், அணை திறந்த ஆண்டையும் டாங்குவா மாண்ட ஆண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவாராக.