அன்பு கற்ற கல்வி
டாக்டர் ஐடா ஸ்கடர் வாழ்க்கை வரலாறு

உலகம் பிளவுபட்டுக் கிடக்கிறது என்பதை நமக்கு எவரும் நூல் காட்டிக் கற்பிக்க வேண்டியதில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று இரண்டாகப் பிரிந்து நின்ற கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். குளம் வேறு, சுடுகாடு வேறு, சில இடங்களில் கோவிலிலும் தேவாலயத்திலும்கூட அமரும் இடம் வேறு என்று பிரிவினையின் வடிவங்களை எல்லாம் பட்டறிந்தவர்கள் நம் முன்னோர்.

இத்தகைய உலகில் தன்னலமற்ற அன்பைப் பற்றிப் பேசினால் நம் இளைஞர்கள் சிலர் ஐயுறுவது இயல்பே. அன்பு, இரக்கம் என்னும் சொற்களை மேடைகளில் நாம் நிறையக் கேட்டுவிட்டோம். ஆகவே சொற்களை விடுத்து ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வழியாகச் செல்லும் சேலம் - சென்னைச் சாலையில் உளுந்தூர்ப்பேட்டையும் விழுப்புரமும் கடந்து சென்றால் திண்டிவனம் வரும். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் நம் ஊரோடு சேர்ந்திருந்த ஊர் அது. அங்கே ஓர் இரவில் திசை மாறிய வாழ்க்கை, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாருடையது.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கையிலும் பின்னர்த் தமிழகத்திலும் மருத்துவத் தொண்டும் சமயத் தொண்டும் ஆற்றியவர். தந்தையாரும் ஒரு மருத்துவரே. அக்குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இத்தகைய தொண்டில் ஈடுபட்டனர்.

ஐடா சிறுமியாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. நிலமற்ற கூலி மக்களே அப்பஞ்சத்தில் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். அவர்களுள் நம் மக்கள் எத்துணைப் பெருந்தொகையினர் என்பது சொல்லாமலே விளங்கும். பசியால் ஒடுங்கிய குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைப் பிட்டு வாயில் ஊட்டும் வேலை அச்சிறுமிக்கும் கிடைத்தது. கையை உயர்த்தி உணவை வாங்கவும் வலுவில்லாத குழந்தைகள் அவர்கள். அக்காட்சி ஐடாவின் உள்ளத்தில் இரக்கத்தை எழுப்பியது. ஆயினும் இந்நாட்டை விட்டு ஓடிவிட வேண்டும் என்ற எண்ணத்தையும் கூடவே எழுப்பியது. அமெரிக்காவில் கல்வி பயின்ற காலத்தில், இந்தியாவுக்குத் திரும்புவதில்லை, பரம்பரைத் தொண்டை ஏற்பதில்லை என்ற உறுதியுடனேயே அவர் இருந்தார். இரக்கம் மட்டும் இருந்தால் மனிதன் துன்பத்தைக் கண்டு விலகிப் போகவும் கூடும் என்பதற்கு அவருடைய இளமையே சான்றாகும்.

தாயார் நோயுற்ற செய்தி கேட்டு 1890இல் ஐடா திண்டிவனம் வந்தார். சில காலம் தங்கித் தாய்க்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பிவிடுவது அவர் திட்டம். அந்நாட்களில்தான் அந்த இரவு வந்தது.

முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்தார். அவருடைய இளம் மனைவி பிள்ளைப்பேற்றில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடா தாம் மருத்துவம் பயிலாதவர் என்றும், தம் தந்தையாரை அழைத்துச் செல்லுமாறும் கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பது வழக்கத்துக்கு ஒவ்வாது என்று அந்த இளைஞர் மறுத்துச் சென்றுவிட்டார். சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே துயரம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பின்னர் உயர்சாதி இந்து ஒருவர் வந்தார். அவரும் அவ்வாறே வெறுங்கையுடன் திரும்பினார். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர். தெருவில் சாவு மேளம் கேட்டது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் எழுதியிருக்கின்றனர். நம் சமுதாயத்தார் இதனைப் படிக்கும்போது மற்றவர் காணாத ஒன்றையும் காண்பர். அம்மூவரும் வெவ்வேறு சமயத்தார், வெவ்வேறு குலத்தார். அன்றைய வழக்கப்படி ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாதவர்கள். ஆனால் மூவர் வீட்டுப் பெண்களையும் ஒரே தடை கொன்றது. மனிதரை மனிதர் தொடக் கூடாது, காணக் கூடாது என்று விதித்த கட்டுப்பாடு நம்மைச் சேரியில் அடைத்தது. அவர்கள் வீட்டுப் பெண்களை அறைக்குள் அடைத்தது. சாவுக்குப் பறையடிக்கும் கடமையைச் சுமந்தவர்கள் அக்காலத்தில் யார் என்பது நமக்குத் தெரியும். உள்ளே மடிந்தவளும் வெளியே பறையடித்தவனும் தீண்டாமை என்னும் ஒரே மரத்தின் இரு கிளைகளில் கட்டுண்டவர்கள். சுவர் எழுப்பியவன் வீட்டுக்குள்ளும் அந்தச் சுவரின் நிழல் விழுந்தே தீரும்.

அந்த இரவில் ஐடாவிடம் அன்பு இல்லாமல் இல்லை. அவர் அழுதார், தம் கடவுளை நோக்கி வேண்டினார். ஆயினும் அந்த அன்பினால் ஓர் உயிரையும் காக்க இயலவில்லை. காரணம், அவர் மருத்துவம் கற்றிருக்கவில்லை. காலையில் பெற்றோரிடம் சென்று, அமெரிக்கா போய் மருத்துவம் பயின்று இந்நாட்டுப் பெண்களுக்குப் பணிபுரியத் திரும்பி வருவதாக அறிவித்தார். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இவ்வம்மையாரைப் பற்றி எழுதுவதன் காரணமும் இதுவே. அன்புக்குக் கல்வி தேவை என்பதை அந்த ஓரிரவு அவருக்கு உணர்த்தியது.

1895இல் பிலடெல்பியா நகரிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899இல் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அக்கல்லூரியின் முதல் அணியில் அவரும் ஒருவர். புறப்படுமுன் மருத்துவமனைக்கு நிதி திரட்ட முயன்றபோது, நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். சில திங்களில் அவருடைய தந்தையார் காலமானார். வழிகாட்ட வேண்டியவரை இழந்த இளம் மருத்துவர் தம் வீட்டின் சிறிய அறை ஒன்றிலேயே மருத்துவம் தொடங்கினார். தொடக்கத்தில் மக்கள் ஐயத்துடன் விலகி நின்றனர். பின்னர்ப் படிப்படியாகக் கூட்டம் பெருகியது. 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

நோயாளிகள் நகரத்துக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1909 முதல் வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் மோட்டார் வண்டியில் சென்று, வழியில் குறித்த மரத்தடிகளில் நிறுத்தி மருத்துவம் செய்தார். குதிரையும் மாடும் இன்றி ஓடும் வண்டியைப் பேய் என்றெண்ணி ஓடிய மக்கள், நாளடைவில் அதன் வருகைக்காகப் பிள்ளைகளோடு காத்திருந்தனர். புண்ணுக்குக் கட்டுப்போட்டார், கண்ணுக்கு மருந்திட்டார், ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளருக்கும் மருந்து தந்தார். நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இது: ஊர்த் தெருவில் வைத்தியம் நடந்தால் சேரி மக்கள் உள்ளே நுழைவது அக்காலத்தில் எளிதன்று. சேரியில் நடந்தால் ஊரார் வரமாட்டார்கள். சாலையோர மரத்தடிக்கோ ஊருமில்லை, சேரியுமில்லை.

ஐடா அம்மையார் இத்துடன் நின்றிருந்தாலும் நல்லவர் என்று பெயர் பெற்றிருப்பார். ஆனால் தம் இரு கைகள் எத்தனை பேரைத் தொட முடியும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. தாம் இறந்தால் தம்மோடு இறந்துவிடும் தொண்டு போதாது என்று கண்டார். ஆகவே தாம் கற்றதை இந்நாட்டுப் பெண்களுக்குக் கொடுக்கத் துணிந்தார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மூன்று பெண்கள் சேர முன்வந்தாலே வியப்பு என்று அன்றைய அரசு மருத்துவத் துறைத் தலைவர் கருதினார். விண்ணப்பித்தவரோ நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர். அரசுத் தேர்வில் ஆடவருள் பெரும்பாலோர் தவறியபோது, வேலூர்ப் பெண்கள் பதினால்வரும் தேறினர். 1922இல் அப்பதினால்வரும் மருத்துவராயினர். வாய்ப்புக் கிடைக்காத வரையில் ஒரு கூட்டத்தாரை அறிவற்றவர் என்று சொல்வது எளிது. வாய்ப்புக் கிடைத்தபின் அச்சொல் என்னாகிறது என்பதை நம் சமுதாயமும் கண்டிருக்கிறது.

வெற்றிகளுக்கிடையே சோதனையும் வந்தது. 1930களின் இறுதியில் மருத்துவப் பள்ளிகள் பட்டம் வழங்கும் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று மாகாண அரசு விதித்தது. அதற்குப் பெரும்பொருளும் பேராசிரியர்களும் தேவை. பெண்களுக்காக மட்டும் தொடங்கிய நிறுவனத்தில் ஆடவரையும் சேர்த்து, பல சபைகளின் கூட்டுறவோடு நடத்தினால்தான் பிழைக்கும் என்ற நிலை. நெடுங்காலம் துணைநின்ற அமெரிக்க நண்பர்கள் சிலர் அதனை எதிர்த்து அவரை விட்டுப் பிரிந்தனர். எழுபது வயதை எட்டிய அம்மையார் தம் சொந்த விருப்பத்தைவிட நிறுவனத்தின் நிலைபேற்றையே பெரிதாகக் கொண்டார். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு தொடங்கியது, 1947இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர்.

அவர் 1946இல் பொறுப்பிலிருந்து விலகிக் கொடைக்கானலில் தங்கினார். அவர் நட்ட மரம் மேலும் கிளைத்தது. தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் முறையை டாக்டர் பால் பிராண்டு வேலூரில் உருவாக்கினார். 1960ஆம் ஆண்டு மே மாதம், தம் 89ஆம் வயதில், ஐடா அம்மையார் கொடைக்கானலில் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவரை நினைவுகூர்ந்தது.

ஏசுபெருமான் கூறிய நல்ல சமாரியன் கதையை நம்மில் பலர் அறிவர். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாதவர்கள். அடிபட்டுக் கிடந்தவனைச் சமயத் தலைவர்கள் கண்டும் விலகிச் சென்றனர். இழிந்தவன் என்று ஒதுக்கப்பட்ட சமாரியனே நின்றான். அவன் வருந்தியதோடு விடவில்லை. காயத்தில் எண்ணெய் வார்த்தான், கட்டினான், தன் விலங்கின் மேலேற்றினான், சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான், மீண்டும் வருவதாகவும் சொல்லிச் சென்றான். கிறித்துவ அன்பு என்பது இவ்வாறு கையும் காலும் உடையது. இக்கதையில் உதவி செய்தவனே ஒதுக்கப்பட்டவன் என்பதையும் நம் இளைஞர்கள் மறக்கலாகாது. பெறுவதற்கு மட்டும் பிறந்தவர்கள் அல்லர் நாம். கொடுக்கவும் உரிமை உடையவர்கள்.

வேலூர் மருத்துவமனை சாதியை ஒழித்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. மருந்தால் உடற்புண் ஆறும். சமுதாயப் புண்ணுக்குச் சட்டமும் போராட்டமும் உரிமையும் வேண்டும். ஆனால் அப்போராட்டத்துக்கும் கற்ற கைகள் வேண்டும் அல்லவா?

அன்புள்ள இளைஞர்களே! 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 முதல் நம் மாவட்டத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. வாயில் திறந்திருக்கிறது, உழைத்து உள்ளே செல்லுங்கள். ஆனால் சென்றவர் திரும்பி வர வேண்டும். படித்துப் பதவி பெற்றதும் பிறந்த தெருவின் பெயரைச் சொல்லக் கூசுவோரும் நம்மிடையே உண்டு. கடல் கடந்து ஓட விரும்பிய ஒரு பெண்மணி, மூன்று அயலார் வீட்டுச் சாவுக்காகத் திரும்பி வந்தார். நம் தெருவுக்காக நாம் திரும்பி வரலாகாதா? கல்வராயன் மலைச் சிற்றூர்களில், கருவுற்ற பெண்ணுக்கு இரவில் வலி கண்டால் மலையிறங்கி வரவேண்டிய நிலை உண்டு. அந்த மலைமக்கள் நம் சாதியார் அல்லர். அவர்களிடம் செல்லும் முதல் மருத்துவரும் முதல் செவிலியரும் நம் சேரியிலிருந்து புறப்பட்டவராக இருப்பாரானால், அதுவே நம் சங்கம் கண்ட வெள்ளி விழாவின் பயனாகும்.